உள்பக்கத்துக் கொடி

அன்ரியின் வளவுக்கு நான் வாடகைக்குப் போன அன்று அவர் எனக்கு முதலில் காட்டியது அறையையும் அல்ல, கிணற்றையும் அல்ல, உடுப்புக் காயப்போடும் கொடியை. வீட்டுக்கும் பின்மதிலுக்கும் நடுவில் மூன்று நைலோன் கயிறுகள் இழுத்துக் கட்டியிருந்தன.

“பிள்ளை, வெளிக்கயிறு சேலை, படுக்கைவிரிப்புக்கு. நடுக்கயிறு சட்டை, சாரத்துக்கு. உள்கயிறு...” என்று நிறுத்திவிட்டு ஒழுங்கைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “உள்கயிறு சின்ன உடுப்புக்கு. அதுக்கு மேல கட்டாயம் ஒரு துவாயோ சாரமோ போட்டு மூட வேணும்.”

“சின்ன உடுப்பெண்டா என்ன அன்ரி?”

எனக்குத் தெரியாமலில்லை. ஒருவர் சொல்லக் கூசுகிற சொல்லை அவர் வாயாலேயே வரவழைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்ரி வாய் திறக்கவில்லை. தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் விரலால் ஒரு சின்ன முக்கோணம் போட்டுக் காட்டினார். பிறகு சாவியை என் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அன்ரியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவருடைய உள்ளாடையைப் பற்றி ஊருக்குச் சொல்லும்போது பெயரையாவது மூடி வைக்க வேண்டும்.

வளவு உப்புவெளியில், கடற்கரைக்குப் போகும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. முன்வீட்டில் அன்ரி தனியாக. கணவர் இறந்து பல வருடங்கள், ஒரே மகள் கனடாவில். பின்னால் ஒரே விறாந்தையில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், திருமணமாகாதவள், துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. மற்றதில் புதிதாகத் திருமணமான வினோதாவும் ஜெகனும். ஜெகன் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகில் வேலை செய்தான். டியூட்டி என்றால் இரண்டு நாள் படகிலேயே சாப்பாடு, படகிலேயே படுக்கை. அதற்கு வினோதா ஒரு பையில் சாரமும் துவாயும் மடித்து வைத்து அனுப்புவாள். வேலைக்குப் போகும் நாட்களில் சிலவேளை என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அலுவலக வாசலில் இறக்கிவிடுவான். வினோதாவே, “அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கோவன், பஸ்ஸுக்கு ஏன் நிக்கவேணும்?” என்று சொல்லித்தான் இது தொடங்கியது.

அந்த உள்கயிற்றால் வினோதாவின் வாழ்க்கை உடையப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அன்ரி எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் அதைச் சொன்னால் நீங்கள் அவரைத் திட்டிவிடுவீர்கள். நானும் திட்டியவள்தான்.

மூடுவது அன்ரிக்கு ஒரு வேலை போல. நான் வேண்டுமென்றே என் உள்ளாடைகளை மூடாமல் வெயிலில் போட்டுவிட்டுப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் மேலே அன்ரியின் துவாய் கிடக்கும். இல்லாவிட்டால் ஜெகனின் சாரம். கைக்கு அகப்பட்டது எதுவோ அது. அது யாருடையது என்று அவர் பார்ப்பதில்லை.

“அன்ரி, வெயில் படாட்டி பங்கசு பிடிக்கும். டொக்டர்மாரே சொல்லுறவை.”

“காத்துப் படும்தானே.”

“காத்துக் காணாது. வெயில் வேணும்.”

“வெயில் பட்டாச் சனத்தின்ர கண்ணும் படும் பிள்ளை.”

“அப்ப ஜெகன்ர ஜங்கி வெளிக்கயிற்றில கொடி மாதிரிப் பறக்குது. அதை ஏன் மூடேல்ல?”

“அது ஆம்பிளையின்ரதானே!” என்று என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இறால் பொரியல் கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன். கோபத்தைக் காட்டிலும் அன்ரியின் இறால் பொரியல் பெரிது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்ரி ஊரில் உள்ள வேறு சிலரைப் போல மற்றவர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர் அல்லர். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி. வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு துண்டு நீச்சல் உடுப்போடு ஒழுங்கையால் கடலுக்குப் போவார்கள். அன்ரி கேற்றடியில் நின்று அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். “அது அவையின்ர குளிக்கிற உடுப்பு, போட்டுக்கொண்டு போகினம், அதில என்ன?” என்பார். உடம்பில் இருந்தால் அது உடுப்பு. கயிற்றில் தொங்கினால்தான் அவருக்கு மானக்கேடு. ஒருநாள் விடுதி மதிலில் காய்ந்த நீச்சல் உடுப்பின் கீழ்த்துண்டு காற்றுக்கு எங்கள் வளவுக்குள் விழுந்துவிட்டது. அன்ரி அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, மதிலுக்கு மேலால் கொடுத்தார். அந்தப் பெண் தாளை அங்கேயே பிரித்து, துண்டை உயரத் தூக்கிக் காட்டி, சத்தமாக நன்றி சொன்னாள். அன்ரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கடைக்குப் போவது இதைவிட மோசம். ஒருமுறை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். “ஒரு சாமான் வாங்க வேணும்” என்று மட்டும் சொன்னார். கடையில் பெண்களின் உள்ளாடைப் பகுதியில் நின்றது ஒரு பொடியன். காதில் ஒரு கம்மல், கழுத்தில் அளவு நாடா.

“சொல்லுங்கோ அன்ரி, என்ன பார்க்கிறீங்கள்?”

அன்ரி கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். ஒரு காலத்தில் வெள்ளை, ரோஸ் என்று இரண்டே நிறம் வந்தது, இப்போது எத்தனை நிறம், எத்தனை வெட்டு. உயர இடுப்பு, தாழ இடுப்பு, கால் வைத்தது, ஓரத்தில் தையலே இல்லாதது.

“சைஸ் என்ன அன்ரி? உங்களுக்கோ, மகளுக்கோ?”

அன்ரியின் காது சிவந்துவிட்டது. “தலையணை உறை இருக்கோ தம்பி?” என்றார்.

தலையணை உறையோடு வீட்டுக்கு வந்தோம். அவருடைய அலுமாரியில் பிரிக்காத தலையணை உறைகள் ஒரு தட்டு முழுக்க இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒவ்வொன்றும் அவர் உள்ளாடை வாங்கப் போய் வாங்காமல் வந்த ஒரு நாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் அப்படியென்றால் இவர் எதைத்தான் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இறுக்கி இறுக்கி ஊக்குக் குத்திய, இழுபட்டுப் போன பழையவைதான். இடுப்பில் கறுப்பாகத் தழும்பு விழுந்திருந்ததை ஒருநாள் எண்ணெய் பூசிவிடும்போது பார்த்தேன்.

இதற்கெல்லாம் அடி எங்கே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறால் உடைக்கும்போது அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. எப்படியோ வந்துவிட்டது.

“எங்கட காலத்தில கடையில வாங்கிற வழக்கம் இல்லைப் பிள்ளை. அம்மா தச்சுத் தருவா. கோதும்பை மா வாற துணிப்பை இருக்குதெல்லோ, அதை அவிச்சு, வெளுத்து, நாடா போட்டு நிக்கர் தைக்கிறது. நல்ல துணி. கிழியவே கிழியாது. ஆனா அதில அடிச்ச எழுத்து இருக்கே, அது எத்தினை தரம் அவிச்சாலும் போகாது.”

“பிறகு?”

“பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டி. நான் அஞ்சலோட்டம். கடைசி ஆளா ஓடுறன். கோட்டுக்குக் கிட்டவா வந்து விழுந்திட்டன். சட்டை தலைக்கு மேல போட்டுது. பின்னுக்கு ‘நிறை 50 கிலோ’ எண்டு கிடந்தது. முழுப் பள்ளிக்கூடமும் வாசிச்சுது.”

நான் சிரித்துவிட்டேன். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அன்ரி சிரிக்கவில்லை. இறாலின் தலையைப் பிய்த்துத் தட்டில் போட்டார்.

“படிச்சு முடியுமட்டும் என்ர பேர் அம்பது கிலோ. வாத்திமாரும் அப்பிடித்தான் கூப்பிடுவினம். கலியாணம் கட்டி வந்த வீட்டில மச்சாளும் அதே பள்ளிக்கூடம். அவ இவருக்குச் சொல்லிப்போட்டா. ஒருநாள் இவர் பகிடிக்கு ‘அம்பது கிலோ, தேத்தண்ணி கொண்டு வாரும்’ எண்டார். நான் கிணத்தடியில போய் இருந்து அழுதனான். அதுக்குப் பிறகு அவர் சாகுமட்டும் அப்பிடிக் கூப்பிடேல்ல. நல்ல மனிசன்.”

அதன் பிறகு நான் என் உள்ளாடையை நானே மூடிப் போடத் தொடங்கினேன். அன்ரியின் சட்டம் சரியென்று எனக்குத் தோன்றியதில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் அவருக்காக.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கனடாவிலிருந்து மகள் பார்சல் அனுப்பியிருந்தாள். சொக்லேட், பால்மா, முழங்கால் வலிக்குப் பூசும் களிம்பு எல்லாம் எங்களுக்கும் பங்கு கிடைத்தது. ஒரு பொதியை மட்டும் அன்ரி பிரிக்காமல் உள்ளே கொண்டு போனார். சில நாட்கள் கழித்து நான் காய்ந்த துவாயை எடுக்க உள்கயிற்றுக்குப் போனேன். ஜெகனின் நீலக்கட்டச் சாரம் ஒன்று அங்கே கிடந்தது. அது ஏன் உள்கயிற்றில் என்று தூக்கிப் பார்த்தேன். கீழே, அந்தப் பிரிக்காத பொதியில் வந்திருக்க வேண்டிய, அன்ரியின் உள்ளாடை. வைன் சிவப்பு நிறம். இடுப்பைச் சுற்றி விரலளவு அகலத்தில் லேஸ். உள்ளே ஒட்டியிருந்த சின்னத் துணியில் இலங்கையில் தைத்தது என்று போட்டிருந்தது. இங்கே எந்தப் பிள்ளையோ தைத்து, கப்பலேறிக் கனடாவுக்குப் போய், திரும்பி உப்புவெளிக்கு வந்து, ஒரு சாரத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தத் தழும்பின் மேல் இனி ஊக்குக் குத்தாது. சாரத்தைப் பழையபடி போட்டுவிட்டு வந்தேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை ஒருநாள் பின்னேரம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வினோதா ஓடிப்போய்க் கயிற்றில் கிடந்த எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்தாள். விறாந்தையில் போட்டு அவசர அவசரமாகப் பிரித்தாள். ஜெகனுக்கு அன்று டியூட்டி. சாரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள், ஜெகன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை அன்ரி வளவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். கயிற்றடி, கிணற்றடி, மதில் ஓரம், வாழைப்பாத்தி.

“என்ன அன்ரி தேடுறீங்கள்?”

“உடுப்புக் கிளிப் ஒண்டு, பிள்ளை.”

கிளிப்பை யாரும் இவ்வளவு நேரம் தேடமாட்டார்கள். எனக்கு விளங்கிவிட்டது. வினோதாவின் உடுப்போடு போயிருக்கும், இரண்டு பேரும் கமுக்கமாகத் திருப்பிக் கொடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஜெகன் டியூட்டி முடித்து வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் விறாந்தையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வினோதா தோய்ப்பதற்காகப் பையைக் கவிழ்த்தாள். சாரத்தை எடுத்து உதறினாள். சிவப்பு லேஸ் நிலத்தில் விழுந்தது.

 ஜெகன் அதைப் பார்த்து, “என்ன உது?” என்றான். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எந்தக் கள்ளனும் அதே மாதிரித்தான் கேட்பான்.

“என்னட்டையோ கேக்கிறீங்கள்?” என்றாள் வினோதா. “உங்கட பாக்கில இருந்து விழுந்தது. ஆரின்ர?”

“எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது வினோ.”

“படகில ஆர் பொம்பிளை?”

“படகில ஏது பொம்பிளை! நாங்கள் ஆறு ஆம்பிளையள்.”

“அப்ப கரையில ஆர்?”

நான் துருவலை வைத்துவிட்டு எழுந்தேன். “வினோதா, அண்டைக்கு மழைக்க எல்லாத்தையும் ஒண்டா அள்ளினீங்களெல்லோ. கொடியில இருந்துதான் சாரத்துக்குள்ள மாட்டியிருக்கும். லேஸ் கொழுவிக்கொண்டு வந்திருக்கும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கதை மாறியது.

“கொடியில எண்டா, இந்த வளவில மூண்டு பொம்பிளையள். நான், நீங்கள், அன்ரி. இது என்ர இல்லை. அன்ரியின்ர எண்டு சொல்லப் போறீங்களோ?”

யாருமே சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய கேள்வியாகத்தான் அவள் கேட்டாள். அறுபது வயது, ஞாயிறு தவறாமல் தேவாலயத்துப் பூசைக்குப் போகிற மனிசி, கடையில் வாய் திறக்க மாட்டாதவர். பிறகு மிச்சம் யார்? முப்பத்திரண்டு வயது, தனிக்கட்டை, அவள் கணவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகிறவள்.

“எத்தினை நாளா நடக்குது அக்கா?” என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

நான் திரும்பி முன்வீட்டைப் பார்த்தேன். குசினி வாசலில் அன்ரி நின்றிருந்தார். கையில் அகப்பை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நிலத்தில் கிடந்ததைக் கண்டிருக்கிறார். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று முழுவதும் வினோதா அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜெகன் மூன்று தரம் சமாதானம் சொல்லப் போய் மூன்று தரமும் வெளியே வந்தான். வினோதா இலங்கைத்துறையில் இருக்கும் தமையனுக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக் காலையில் வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். அவள் பயணப்பையின் ஜிப்பை இழுக்கும் சத்தமும் கேட்டது. வினோதா அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். அது எனக்கும் அன்ரிக்கும் தெரியும். ஜெகன் அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் வளவு முழுக்கக் கற்கண்டு கொடுத்தவன்.

பின்னேரம் நான் அன்ரியின் குசினிக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை.

“அன்ரி, அது உங்கட எண்டு எனக்குத் தெரியும்.”

அவர் அடுப்பை அணைத்தார். கதிரையில் இருந்துகொண்டார்.

“நான் போன கிழமை கொடியில கண்டனான். ஆருக்கும் சொல்லேல்ல. இப்ப நீங்கள் சொல்ல வேணும்.”

“எனக்கு ஏலாது பிள்ளை.”

“ஒரு சொல்லு. ‘அது என்ர’ எண்டு ஒரு சொல்லு. நாளைக்குத் தமையன் வந்து அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப் போறான். ஒருக்காப் போனா இலங்கைத்துறையில சனம் என்ன கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? பிறகு அதைத் திருப்பிக் கூட்டிவரலாமோ?”

“எனக்கு விளங்குது.”

“என்ர பேர் என்னாகும் எண்டும் விளங்குதோ?”

“விளங்குது. எல்லாம் விளங்குது. ஆனா வாய் வராது. அந்தப் பெடியனுக்கு முன்னால, அந்தத் தமையனுக்கு முன்னால நான் என்னண்டு...” என்று கையால் முகத்தை மூடிக்கொண்டார். 

“அப்ப வினோதாவைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ.”

“அவள் புருசனுக்குச் சொல்லுவாள். அவன் படகில சொல்லுவான். படகில சொன்னாத் துறைமுகம் முழுக்கச் சிரிக்கும். நான் எப்பிடிப் பிள்ளை கோயிலுக்குப் போறது?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன் அன்ரி. நாளைக்குத் தமையன் வரட்டும், எல்லாருக்கும் முன்னால சொல்லுவன்.”

அவர் கையை எடுத்தார். கண் காய்ந்திருந்தது.

“சொல்லுங்கோ. நான் இல்லையெண்டு சொல்லுவன். அவை ஆரை நம்புவினம்?”

 இப்படி ஒரு சொல் அவரிடமிருந்து வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல் அறைக்கு வந்து கதவைச் சாத்தி அழுதேன். எனக்காகவா, வினோதாவுக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை. அன்ரியை வெறுத்த அளவுக்கு நான் யாரையும் வெறுத்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

காலையில் தமையன் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினான். கடல் வெயிலில் கறுத்த, அதிகம் கதைக்காத மனிதன். கேற்றடியிலேயே நின்று, “வெளிக்கிட்டியோ?” என்று தங்கையைக் கேட்டான். ஜெகனைப் பார்க்கவில்லை. என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வையின் அர்த்தம் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

வினோதா பையைத் தூக்கிக்கொண்டு விறாந்தையால் இறங்கினாள். அந்தச் சிவப்புத் துண்டு ஒரு பொலித்தீன் பைக்குள் அவள் கையில் இருந்தது. வீட்டில் தாய்க்குக் காட்டவாம்.

“அண்ணை, ஒரு நிமிசம் நான் சொல்லுறதைக் கேளுங்கோ” என்று ஜெகன் முன்னால் வந்தான்.

“நீ கதைக்காத” என்றான் தமையன்.

நான் வாயைத் திறந்தேன். அன்ரி மறுத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். “அது...” என்றதுதான் தாமதம், முன்வீட்டுக் கதவு திறந்தது.

அன்ரி பூசைக்குப் போகும் சேலையில் இருந்தார். தலை வாரியிருந்தார். வாசற்படியில் நின்று, யாரையும் பார்க்காமல், எதிரே மதிலைப் பார்த்துச் சொன்னார்.

“வினோதா, அந்தப் பையை இஞ்ச தாங்கோ. அது என்ர.”

வினோதாவுக்குக் கோபம்தான் வந்தது. “அன்ரி, இவவைக் காப்பாத்திறதுக்கு நீங்கள் ஏன் பொய் சொல்லுறீங்கள்? உங்கட மரியாதையை ஏன் கெடுக்கிறீங்கள்?”

தமையனும், “அம்மா, நீங்கள் பெரிய மனிசி, இதுக்குள்ள வராதேங்கோ” என்றான்.

அன்ரி ஒருவழியாகச் சொல்லிவிட்டார், ஆனால் யாரும் நம்பவில்லை. வாழ்நாள் முழுவதும் மூடி வைத்ததன் பலன். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது உள்ளே போய்விடலாம். சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல முடியாது. நானும்கூட.

அவர் உள்ளேதான் போனார்.  தமையன் பையை ஆட்டோவில் ஏற்றினான். ஓட்டுனர் இயந்திரத்தைக் கிளப்பினான்.

அன்ரி திரும்பி வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. படியில் நிற்காமல் நேரே இறங்கி வந்து, விறாந்தையில் என் தேங்காய் துருவும் பலகைக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் அதைக் கவிழ்த்தார். அதே லேஸ். நீலம், ஊதா, பச்சை, கறுப்பு, பழுப்பு. இரண்டு தோய்த்து மடித்தவை, மூன்று இன்னும் கடதாசிக்குள்.  ஒவ்வொன்றாக எடுத்து விரித்து வைத்தார்.

“என்ர மகள் அனுப்பினது. பெட்டியில ஆறு. எண்ணிப் பாருங்கோ, அஞ்சு கிடக்கு. சிவப்பு இல்லை. அண்டைக்கு நான் சிவப்பைத் தோய்ச்சு உள்கயிற்றில போட்டு, ஜெகன்ர சாரத்தால மூடினனான். மழைக்க நீங்கள் அள்ளிக்கொண்டு போயிட்டீங்கள். இது என்ர ஜங்கி, பிள்ளை. என்ர ஜங்கி.”

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எத்தனையோ தரம் வரவழைக்கப் பார்த்த சொல். இப்போது வந்தபோது எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆட்டோக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். தமையன் தலையைக் குனிந்துகொண்டு ஒழுங்கைப் பக்கம் திரும்பி நின்றான். வினோதா மேசையைப் பார்த்தாள், கையிலிருந்த பொலித்தீன் பையைப் பார்த்தாள். அந்தப் பை கீழே விழுந்தது.

“நேற்றே சொல்லியிருக்கலாமே அன்ரி” என்றாள் அழுதுகொண்டு.

“சொல்லியிருக்கலாம்” என்றார் அன்ரி. “இந்த வயசில இப்பிடி ஒண்டைப் போடுறாள் எண்டு நீங்கள் எல்லாரும் நினைப்பீங்கள் எண்டு பயந்தனான். போட்டா எனக்கு நல்லாயிருக்குது. இடுப்பு நோகேல்ல. வடிவாயும் கிடக்கு. அதுதான் போட்டனான்.”

 ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். வினோதா குனிந்து சிவப்பை எடுத்துக் கொடுத்தாள். அதையும் வாங்கி வைத்தார். பூசை மணி அடித்தது. அன்று அவர் பூசைக்குப் போகவில்லை. சேலையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வினோதா போகவில்லை. தமையன் தேத்தண்ணி குடித்துவிட்டு ஜெகனின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வினோதா இரண்டு நாள் என் அறை வாசலில் வந்து நின்று அழுதாள். மூன்றாம் நாள் நானும் அழுது முடித்துவிட்டேன். ஜெகன் படகில் இதைச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

அன்ரி கொஞ்ச நாள் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நாங்கள் கிணற்றடியில் இருந்தால் அவர் வரமாட்டார். நான் எதிரே வந்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார், ஏற்கெனவே சரியாக இருந்தாலும். நான் வலியப் போய்க் கதைத்தேன், பகிடி விட்டேன். இறாலும் வாங்கிக் கொடுத்தேன். பொரித்து வினோதாவிடம் கொடுத்தனுப்பினார்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் மாலை என் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“பிள்ளை, நீங்கள் வேற இடம் பார்க்க ஏலுமோ?”

நான் திகைத்துப்போனேன். “நான் என்ன பிழை விட்டனான் அன்ரி?”

“நீங்கள் ஒரு பிழையும் விடேல்ல. என்னைக் காட்டிக் குடுக்காம ஒரு நாள் முழுக்கப் பேச்சு வாங்கினீங்கள். எனக்குத் தெரியும். அதுதான் ஏலாமக் கிடக்கு. உங்கட முகத்தைக் கண்டா நான் அந்த மேசையடியில நிக்கிற மாதிரியே கிடக்கு.”

“அப்ப வினோதாவையும் ஜெகனையும் ஏன் கேட்கேல்ல? அவையும்தானே பார்த்தவை?”

“அதுகள் புருசன் பெஞ்சாதி. பிள்ளை பிறக்கும், வேற சண்டை வரும், வேற சிரிப்பு வரும், இதை மறந்திடுவினம். நீங்கள் மறக்கிற ஆள் இல்லைப் பிள்ளை.”

மறந்துவிடுவேன் அன்ரி என்று சொல்ல வாய் எடுத்தேன். அவருக்கு முன்னால் அந்தப் பொய் வரவில்லை. அடுத்த கிழமை அன்புவழிபுரத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.